பூனைக்கு இடம்விட்ட வரி

காம்பார் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளர் எனக்கு முதலில் காட்டியது ஓர் ஊதாக் கரைசல். குப்பைமேனிச் சாறு விழுந்ததும் அது மெல்ல மஞ்சளானது. ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் குணம் என்றார். அடுத்து ஒரு சோதனைத் தட்டு. பாக்டீரியா பாலாடை போலப் படர்ந்திருந்தது. சாற்றில் நனைத்த சிறு வட்டத்தாளைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம். அதற்குள் ஒன்றும் பிழைக்கவில்லை.

"இது தட்டுலதான் சார். இலையை மெத்தனால்ல ஊறவெச்சு எடுத்த சாறு. மனுசன் புண்ணுல என்ன செய்யும்னு எங்களுக்கே தெரியாது. இத மட்டும் விட்டுடாதீங்க" என்றார் அந்தப் பெண் ஆய்வாளர்.

குறித்துக்கொண்டேன். அடிக்கோடுகூட இட்டேன்.

நாளிதழில் நான் எழுதும் ஞாயிறு பத்திக்குக் கிடைக்கும் இடம் ஒரு முழங்கை அகலம். கடைசியில் ஒரு வரிக்குத்தான் இடம் மிஞ்சியது. போட்டிக்கு நின்றவை இரண்டு: அவருடைய எச்சரிக்கை, எங்கள் வீட்டுப் பூனை. இந்தச் செடியின் வேரைக் கண்டால் பூனை தண்ணி போட்டவன் மாதிரி புரளும். நல்லவேளை, வண்டி ஓட்ட அதற்கு லைசென்ஸ் இல்லை. சிரிக்கவைத்தே பெயர் வாங்கியவன் எதை வெட்டுவான்? பூனை அச்சேறியது.

மறு வாரம் சுங்கை சிப்புட்டிலிருந்து மனைவியின் தம்பி அழைத்தான். லோரி ஓட்டுநர். பல வருடமாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி.

"மச்சான், பூனை வரிய படிச்சு வயிறு வலிக்கச் சிரிச்சேன் லா. கால்ல சின்னப் புண்ணு, அந்த இலையத்தான் அரைச்சுக் கட்டுறேன். கிளினிக் பக்கமே போகல. வலியே இல்ல."

அவன் காலில் உணர்ச்சி மரத்து நாளாகிவிட்டது. வலிக்க அங்கே எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் கடைசி வரி வரை படித்த ஒரு வாசகன் கிடைத்த பூரிப்பில், எவ்வளவு பெரிய புண் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. செடி பற்றி இன்னொரு பத்தி எழுதலாமா என்று அவனிடமே யோசனை கேட்டேன்.

மூன்றாவது வாரம் மனைவி போய்ப் பார்த்தாள். வாசலிலேயே நாற்றம் அடித்ததாம். ஈப்போ மருத்துவமனையில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லோரி வேலையும் அத்தோடு போயிற்று.

கட்டு மாற்ற வந்த தமிழ் டாக்டர், இலையைக் கட்டச் சொன்னது யார் என்று கேட்டார். அவன் என்னைப் பார்க்கவில்லை. பேப்பரில் போட்டிருந்தது என்றான்.

"கட்டக்கூடாதுன்னு அதுல ஒண்ணும் போடலையா?"

"போட்டிருந்தா கட்டியிருக்க மாட்டேன், டாக்டர். முழுசாத்தான் படிச்சேன். கடைசில ஒரு பூனைதான் இருந்துச்சு."

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். மனைவி போர்வையை இழுத்து, ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் கிடந்த இடத்தை மூடினாள். பிறகு என்னை வெளியே போய் நிற்கச் சொன்னாள்.