முப்பது பேர் உட்காரும் முற்றம்

என் மகளின் கல்யாணம் நின்றுபோனதற்குப் போர்தான் காரணம் என்று நாற்பது வருடங்களுக்கு மேலாகச் சொல்லிவந்தேன். அது பொய். காரணம் நான்.

சைகோனில் வியட்நாம் போரின் கடைசி வருடம். மாப்பிள்ளை காரைக்கால் பையன், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவன். அவன் வேலை பார்த்த வங்கி தன் ஊழியர்களைப் பாரிசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பங்குனியில் அவன் முறை. அதற்குள் கல்யாணம் முடிந்தால் மனைவி என்று என் மகளையும் அழைத்துப்போகலாம். எங்களிடம் இருந்தவை இந்தியக் குடியுரிமைத் தாள்கள்; பிரான்சுக்குள் போக உதவாது. வேறு வழி கிடையாது.

காரைக்கால் ஜோசியர் மாசியில் ஒரு முகூர்த்தம் குறித்து அனுப்பினார். விடியற்காலை நாலரை முதல் ஆறு. ஊரடங்கோ விடிந்த பிறகுதான் விலகும். ஆகவே முதல் நாள் மாலையே விருந்தினரை வரவழைத்து, இரவு தங்கவைக்க ஒரு மண்டபம் வேண்டும் என்று தேடக் கிளம்பினேன்.

த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில் குருக்கள் எளிதாகச் சொன்னார்: "அதே நாள் ஒன்பது மணிக்கு வாங்கோ. முற்றத்துல முப்பது பேர் உட்காரலாம். அரை மணியில முடிச்சுத் தரேன்."

முகூர்த்தம் தப்பிவிடும் என்று மறுத்தேன். மாப்பிள்ளை தயங்கித்தான் பேசினான். "மாமா, ஊர்ல நாலரைன்னா இங்க ஏழு மணி. ஊரடங்கும் விலகியிருக்கும்."

"பஞ்சாங்கத்துக்கு நீ கடிகாரம் காட்டாதே" என்றேன்.

கப்பல் கம்பெனியில் எனக்கு என்ன வேலை தெரியுமா? தந்திகளில் உள்ள ஊர் நேரங்களை சைகோன் நேரத்துக்கு மாற்றி எழுதுவது. இரண்டரை மணி வித்தியாசம் எனக்குத் தெரியாதா? முகூர்த்தம் ஒரு சாக்கு. கோயிலில் கட்டிவைத்தால் ஓடிப்போனவர்கள் கல்யாணம் என்று ஊரில் பேசுவார்கள். மண்டபம், தோரணம், பந்தி எல்லாம் தெரியும்படி புகைப்படம் எடுத்துக் காரைக்காலுக்கு அனுப்ப ஆசைப்பட்டேன்.

சீனர்கள் வாழும் சோலோன் பகுதியில் ஒரு உணவகத்து மாடியைக் கேட்டேன். இரவு தங்குகிற எல்லாருடைய பெயரையும் போலீசில் எழுதித் தர வேண்டுமே என்று சொன்ன முதலாளி, "கல்யாணமா, முகாமா?" என்று சிரித்தார். மாதா கோயில் பள்ளிக்கூடத்துக் கூடத்தில், ஊரை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் பாய் விரித்துக் கிடந்தன. அவர்களை நகர்த்த முடியுமா என்று கன்னியாஸ்திரியிடம் கேட்டேன். கேட்டேன்தான். அவர் கதவைச் சாத்தினார். கடைசியில் ஒரு செட்டியாரின் அரிசிக் கிடங்கு கிடைத்தது. சுண்ணாம்பு அடித்து முடித்தோம். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில் ராணுவம் அதை எடுத்துக்கொண்டது.

"கோயிலுக்கே போயிடலாம்பா" என்றாள் மகள். தாயில்லாதவள். அவளாக என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"சித்திரையில் நல்ல மண்டபமாகப் பார்க்கிறேன்" என்றேன்.

பங்குனியில் அவன் போனான், சித்திரையில் வந்து கட்டிக்கொள்கிறேன் என்று. சித்திரை பாதியில் டாங்கிகள் நகருக்குள் வந்தன. விமானம் நின்றது. அதன் பிறகு அவனிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. மூன்றாவது அவன் தங்கை எழுதியது. அவனுக்கு அங்கே கல்யாணம் ஆகிவிட்டதாம்.

மகள் என்னோடே இருந்துவிட்டாள். அவளுக்கு இப்போது தலை முழுக்க நரை. ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

போன மாதம் அதே மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனாள். முற்றத்தில் ஒரு கல்யாணம். சென்னையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த பிள்ளைகளாம். அட்சதைத் தட்டை ஏந்த ஆள் இல்லை என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவளும் ஒவ்வொருவரிடமாகத் தட்டை நீட்டிக்கொண்டே போனாள். எனக்கும் நீட்டினாள். அரை மணியில் எல்லாம் முடிந்தது.

திரும்புகையில் என் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கவைத்தாள். நடைபாதை ஏறியதும் சொன்னாள்:

"எண்ணிப் பார்த்தேம்பா. முப்பத்தாறு பேர் இருந்தாங்க. இடம் இன்னும் மிச்சம் இருந்துச்சு."