எனக்கு இன்னும் வரல

என் வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. என்ன, எல்லாமே ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் ஏழெட்டுக் கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பு. மொட்டை மாடிக்கு மேலே ஒரு சின்ன மோட்டார் அறை, அதில் ஒரு முக்காலி, எண்ணெய்க் கறை படிந்த துணி, ஓடி ஓடி நிற்கும் சக்கரம், இவ்வளவுதான் அவர் ஆபீஸ். லிஃப்ட் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலை இல்லை. அவர் கை பட்ட லிஃப்ட் ஒழுங்காகத்தான் ஓடும். அதனால் மனுஷனுக்கு முக்காலியில் உட்கார்ந்து போனைப் பார்க்க நேரம் தாராளம். எங்கள் குடும்பத்துக்குப் பிடித்த சனி அங்கேதான் ஆரம்பித்தது.

போனில் அவர் பார்ப்பது ஆர்.எஸ்.எஸ். ஃபீட். பயப்படாதீர்கள், பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நமக்கு வேண்டிய இணையதளங்களை ஒவ்வொன்றாகப் போய்த் திறந்து பார்க்க வேண்டியதில்லை. அங்கே யார் எதைப் புதிதாக எழுதினாலும் அது தானாக நம் போனுக்கு வந்து ஒரே இடத்தில் வரிசையாக உட்காரும். உலக நடப்பை உடனுக்குடன் தெரிந்துகொள்ள இதைவிட வசதி கிடையாது என்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் என் வீட்டுக்காரரோடு குடும்பம் நடத்தியதில்லை.

மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு ஒரு வாரம் கடுமையான காய்ச்சல். எழுந்து பார்த்தால் போனில் செய்திகள் மலையாகக் குவிந்திருந்தன. யார் படிப்பது என்று "எல்லாம் படித்தாயிற்று" பட்டனை ஒரே அமுக்காக அமுக்கிவிட்டார். அந்தக் குவியலுக்குள் லிஃப்ட் கம்பெனியின் அறிவிப்பு ஒன்றும் இருந்தது, கதவு சென்சாரை உடனே மாற்றுங்கள் என்று. அடுத்த வாரம் ஒரு கணக்கர் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே அரை நாள் நின்றார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெளியே தூக்கிவிட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்குத் தெரியாதா?"

அந்தக் கேள்வி இவர் மண்டைக்குள் போய்ப் பாய் விரித்துப் படுத்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு செய்தியையும் தாண்டுவதில்லை. பழையதிலிருந்து ஆரம்பித்து, வரிசையாக, கடைசி எழுத்துவரை படிப்பார். அதோடு விட்டாரா? எந்தப் புற்றில் எந்தப் பாம்போ என்று கண்ணில் பட்ட ஃபீட்டை எல்லாம் சேர்த்தார். வானிலை, நகராட்சி, விளையாட்டு, சதுரங்கம், ஒரு சோப்பு ஆலை, தேனீ வளர்க்கும் பெண்மணி ஒருவர், எங்கேயோ தன் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு மனிதர். அந்தப் படகு எவ்வளவு பெரிது என்று எனக்குப் புரியவில்லை. மனுஷன் பத்து வருஷமாக அடிக்கிறார், இவரும் படித்துக்கொண்டே இருக்கிறார்.

படிப்பது மெதுவாக, வருவது வேகமாக. முதலில் ஒரு நாள் பின்தங்கினார், பிறகு ஒரு வாரம், அப்புறம் ஒரு மாதம். கடைசியில் சரியாக ஒரு வருஷம் பின்னால் போய் அங்கேயே குடியேறிவிட்டார். லிஃப்ட் அறிவிப்புகளுக்கு மட்டும் தனி அடுக்கு உண்டு. அதை மட்டும் தினமும் காலையில் பல் துலக்கும் முன்பே படித்துவிடுவார். லிஃப்ட்டுக்கு அவசரம் உண்டு, மற்ற உலகத்துக்குக் கிடையாது.

போன வருஷ மழைக்கு இந்த வருஷம் குடை பிடித்துக்கொண்டு வெயிலில் நடப்பார். தேர்தலில் யார் ஜெயிப்பார்களோ என்று கவலையில் சாப்பாடு இறங்காது அவருக்கு. ஜெயித்தவர் ராஜினாமாவே செய்து முடித்திருப்பார். ஏதாவது சொல்ல வாயெடுத்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். "சொல்லாத. எனக்கு இன்னும் வரல" என்பார். என் அண்ணன் அவருக்கு "பழைய பேப்பர்" என்று பெயர் வைத்தான். அந்தப் பெயர் அவர் கம்பெனி வரைக்கும் போய்விட்டது.

ஆனால் கம்பெனிக்காரர்களுக்கு அவர் மேல் மரியாதை. புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகளுக்கு "நடப்பு விவரங்களை அறிந்து வைத்திருப்பது எப்படி" என்று ஒரு கூட்டம் போட்டு, இவரைப் பேசக் கூப்பிட்டார்கள். ஃபீட் மாதிரி பயனுள்ளது உலகத்தில் இல்லை என்று முழங்கிவிட்டு, நம் மேலாளரின் நேர்மையைப் பாருங்கள் என்று கைகாட்டினார். அந்த மேலாளரை மோசடிக்காக வீட்டுக்கு அனுப்பி மாசங்கள் ஆகியிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது வேறு ஆள். அவர் எழுந்து வணக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த மனுஷனோடு எப்படித்தான் பேசுவது? மகள்தான் வழி கண்டுபிடித்தாள். அவள் ஒரு மரச்சாமான் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவள், விவரமானவள். எங்கள் வீட்டுக்கென்றே ஒரு ஃபீட் ஆரம்பித்து அவருடைய போனில் சேர்த்துவிட்டாள். வீட்டு விஷயம் எதுவானாலும் அதில் எழுதினால் அப்பா கட்டாயம் படிப்பார். படித்தார், சத்தியமாகப் படித்தார். "பால் தீர்ந்துபோச்சு" என்று நான் எழுதினேன். அடுத்த வருஷம் அதே மாதம் இரண்டு பாக்கெட் பாலோடு மூச்சு வாங்க வந்து நின்றார்.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் என்று எழுதிவைத்தேன். அப்போது கஞ்சிக்குக் கூட நானே எழுந்துபோக வேண்டியிருந்தது. மறு வருஷம் நான் பல் கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், அங்கே வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. மனுஷன் லீவு போட்டுவிட்டு வந்து என் பையைப் பிடுங்கிவைத்து, என்னைப் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டார். சாயங்காலம் வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆளுக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, பாசம் வந்து சேரத்தான் நாளாகும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மகள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவன். தங்கமான பையன், எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவள் நேராக அப்பாவிடம் போனாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும்."

அவர் கையை உயர்த்தினார். "ஃபீட்ல போட்டியா?"

"போட்டேன். ஆனா இது நேர்ல பேச வேண்டிய விஷயம்ப்பா."

"போட்டாச்சுல்ல, வரும்மா. அப்பா ஒரு வரி விடாம படிப்பேன்."

மகள் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். "எனக்கு வேற எதுவும் வேணாம்மா. அப்பா வாயால முழு மனசோட ஒரு 'சரி' வேணும். அது இல்லாம இந்த வீட்ட விட்டுப் போனா, போன மாதிரியே இருக்காது எனக்கு" என்றாள். அவள் அப்படி எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

காத்திருந்தாள் பாவம். நாலு மாதம் போனது. பையனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, சேர்ந்தே கிளம்ப வேண்டிய நிலை. நான் அவர் போனைப் பிடுங்கி, மகள் எழுதியதைத் தேடி எடுத்து, மூக்குக்கு நேரே நீட்டினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "எல்லாம் படித்தாயிற்று" பட்டன் மேல் விரலை வைத்து மிரட்டினேன். ஆனால் அதை அமுக்கினால் மகள் எழுதியதும் படித்த கணக்கில் போய்விடும், அப்புறம் அது எந்த ஜென்மத்திலும் அவர் கண்ணுக்கு வராது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை எடுத்தேன்.

"எங்க கிளினிக்ல எல்லாரும் வரிசையிலதான் உக்காருவாங்க" என்றேன். "ஆனா கன்னம் வீங்கி ஒருத்தர் வந்தா நான் முன்னாடி விடுவேங்க. அதுதாங்க மனுஷத்தனம்."

"நீ ஒருத்தர முன்னாடி விட்டா பின்னாடி ஒருத்தர் காத்துக் கெடப்பார். அவர் யாருன்னு நீ பாத்திருக்கியா?"

"யாருங்க காத்துக் கெடக்கா? படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவரா?"

"அவருந்தான்."

"லிஃப்ட்டுக்கு மட்டும் தனி அடுக்கு வச்சிருக்கீங்களே. அதுல பெத்த பொண்ணுக்கு ஒரு இடம் கிடையாதா?"

"அது கதவு, பிரேக் சம்பந்தப்பட்டது. உயிர் விஷயம்" என்றார். அதற்குமேல் பேசினால் என் உயிர்தான் போகும் என்று எழுந்துவிட்டேன்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார், சாட்சிக் கையெழுத்தும் போட்டார். எதற்குப் போடுகிறோம் என்று தெரியக் கூடாதென்று காகிதத்தின் மேல் பாதியைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு போட்டார். மாப்பிள்ளை குனிந்து வணக்கம் சொன்னதும், "நீங்க இங்கதான் வேலை பாக்குறீங்களா?" என்று அன்பாக விசாரித்தார். மூக்கு முட்டச் சாப்பிட்டார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் முனகுகிறது என்று பார்க்கப் போனவர், மகள் வண்டியேறும்போதுதான் கையெல்லாம் எண்ணெயாகத் திரும்பி வந்தார். கையை ஆட்டி வழியனுப்பினார், கடைக்குப் போகிறவளை அனுப்புவது மாதிரி. மகள் திரும்பிப் பார்க்கவே இல்லை. என் அண்ணன் அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டதே பெரிது.

அதற்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால், "விடும்மா. எனக்கு அதெல்லாம் ஆறிப்போச்சு" என்பாள். ஆறவில்லை என்று குரலிலேயே தெரியும். சில மாதம் கழித்து, தான் உண்டாகியிருப்பதைச் சொன்னாள். அதை ஃபீட்டில் போடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் இவரிடம், "பொண்ணு எங்கங்க, ஆளையே காணோம்?" என்று கேட்டால், "எனக்கு இன்னும் வரலங்க" என்பார். கேட்டவர்கள் ஏதோ கஷ்டமாக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அசையாமல் ஆகிவிட்டார். நான் நெஞ்சுவலியோ என்று ஓடினேன்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "நம்ம பொண்ணு ஒரு பையன விரும்புறா. கண்ணாடி வெட்டுற பையனாம்."

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"'உங்க வாயால சரின்னு சொன்னாத்தான்ப்பா எனக்கு நிம்மதி'ன்னு எழுதியிருக்கா. கெளம்பு, கெளம்பு. குழந்த காத்துக்கிட்டிருப்பா."

பஸ்ஸில் மூன்று மணி நேரம். வழியெல்லாம் என் உயிரை வாங்கினார். பையன் எப்படி, கோபக்காரனா, கண்ணாடி வேலையாச்சே கையில் காயம் படுமே, இவளைத் தனியாக எப்படி அனுப்புவது என்று ஒரே புலம்பல். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டுவதற்காக வாய்க்குள் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் நான் விழுங்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தான். இவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இவர எங்கயோ பாத்திருக்கேனே" என்றார்.

"அவ கல்யாணத்துல" என்றேன்.

உள்ளே மகள் நின்றிருந்தாள். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, தொளதொளத்த சட்டையில், ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு. இவர் அவள் முகத்தை மட்டும் பார்த்தபடி நேரே போய் முன்னால் நின்றார்.

"உன் விஷயம் வந்துச்சும்மா. காலைலதான் படிச்சேன்."

அவள் மேசை விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"எனக்குச் சரிம்மா. முழு மனசோட சரி. நீ போயிட்டா வீட்டுல என்ன பண்ணுவோம்னு நெனச்சா பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் சரி."

"நான் போயி எட்டு மாசம் ஆச்சுப்பா."

"தெரியும். கண்ணால பாத்தேனே. ஆனா எனக்கு நீ இன்னிக்குக் காலைலதான் போன" என்று சொல்லிவிட்டு, மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். அவ்வளவு நாளும் கல்லாக இருந்த மகள் நாற்காலியில் உட்கார்ந்து அவளும் அழுதாள். மாப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவர் கண் அவள் வயிற்றில் பட்டது. பட்ட வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு கையும் தானாகக் காதுக்குப் போயின. "எனக்கு இன்னும்..." என்று ஆரம்பித்தார்.

"வராதுப்பா" என்றாள் மகள். "இத நான் போடல, அம்மாவும் போடல. இது உங்களுக்கு எப்பவுமே வராது."

அவர் அப்படியே நின்றார். கை காதுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சட்டைப் பையில் போன் இரண்டு தடவை அதிர்ந்தது, யாரோ எங்கேயோ எதையோ எழுதியிருக்கிறார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனுஷன் இப்போது அந்தப் போனை எடுத்தால் நான் தனியாகத்தான் பஸ் ஏறுவேன் என்று முடிவே செய்துவிட்டேன்.

கையை மெதுவாகக் கீழே இறக்கினார். திரும்பி அவளைப் பார்த்தார்.

"எத்தன மாசம்மா?"

"ஆறுப்பா."

விரலை மடக்கி மடக்கி எண்ணினார். தப்பாகிவிடக் கூடாதே என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"அப்ப நான் இன்னும் லேட் ஆகலையே?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றாள்.