கஞ்சியில் கரைத்த மாத்திரை

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாத மழையில் நடந்தது. ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் ஒற்றை அறையில் தங்கியிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், செங்கல் சூளை, திருப்பூரில் சாயப்பட்டறை என்று சுற்றிவிட்டு, கடைசியில் இங்கே தோல் பதனிடும் கம்பெனியில் டிரம்முக்குத் தோல் ஏற்றும் வேலைக்கு வந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. ஏதாவது சங்கடம் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

அறையில் என்னோடு இருந்தவர் திமிரி என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் வேலை. ஞாயிறு தவறாமல் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெபக்கூடத்துக்குப் போவார். அங்கே நன்றாகப் பாடுகிறவர் என்று அவருக்குப் பெயர். அந்தச் சபையில் சிலர் மருந்தே தொட மாட்டார்கள். அண்ணன் அந்தச் சிலரில் ஒருவர்.

நான் சுவரில் முருகன் காலண்டர் மாட்டியிருந்தேன். அதைக் கழற்றச் சொன்னதே இல்லை. ஜெபிக்கும்போது பாயை எதிர்ச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். ஆனால் விடிவதற்குள் எழுந்து சத்தமாக ஜெபிப்பார். ஒருநாள் எரிச்சலில், "இன்னாண்ணே, உங்க சாமிக்குக் காது கேக்காதா?" என்றேன். "அவருக்குக் கேக்கும்பா. உன்னை எழுப்பத்தான் கத்தறேன்" என்றார்.

சமையல் என் பொறுப்பு. நான் வந்த புதிதில், ஆடி மாதம், அம்மன் கோவில் கூழை ஒரு சொம்பில் வாங்கிவந்து அவரிடம் நீட்டினேன். படைத்ததா என்று கேட்டார். ஆமாம் என்றதும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் பேசவில்லை. பிறகு நாங்களாகவே ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டோம். படையல் என்றால் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். நான் எதுவும் சொல்லாமல் தட்டை வைத்தால் அவர் எதுவும் கேட்காமல் சாப்பிடுவார்.

அந்தக் கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் இரண்டு நாள் வேலைக்குப் போய்ப் பார்த்தார். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் உளற ஆரம்பித்தார். வீட்டுக்கார பாய் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, உன் தோஸ்த் பாதி ஆளாயிட்டாரு" என்று சொல்லி, பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். அண்ணன் அந்த நிலையிலும் கும்பிட்டு வேண்டாம் என்றார். நான் டாக்டரிடம் போகலாம் என்றேன். அதற்கும் அதே தலையாட்டல்தான். ஜெபம் மட்டும் போதும் என்றார்.

மெடிக்கல் கடையில் போய்ச் சொன்னேன். டைஃபாய்டாக இருக்கும், ஆளைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டு என்று திட்டினார்கள். நான் கெஞ்சியதில் ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். அறைக்கு வந்து டம்ளரின் அடியால் நசுக்கி, கஞ்சியில் கலந்தேன். கசப்பு தெரியாமல் இருக்க எலுமிச்சை ஊறுகாயைக் கரைத்துவிட்டேன். தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டினேன். அவர் எதுவும் கேட்காமல் குடித்தார். காலையும் மாலையும் ஐந்து நாள் இப்படியே. அப்போது எனக்குக் குற்றமாகவே தெரியவில்லை. கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகக்கூட இருந்தது.

காய்ச்சல் இறங்கியது. அடுத்த வாரம் சுவரைப் பிடித்து நடந்தார். அதற்கடுத்த ஞாயிறு, நன்றி சொல்லப் போகிறேன், நீயும் வா என்று கூப்பிட்டார். போய்க் கடைசியில் உட்கார்ந்தேன்.

பாட்டு முடிந்ததும் அண்ணன் எழுந்து சாட்சி சொன்னார். சாகக் கிடந்ததைச் சொன்னார். ஒரு மாத்திரைகூடத் தொடாமல் கர்த்தர் எழுப்பிவிட்டார் என்று சொல்லும்போது அழுதுவிட்டார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் செருப்பு கிடந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு அக்கா எழுந்தார். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர், சர்க்கரை நோயாளி. காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தார். அண்ணன் சாட்சியைக் கேட்டபின் தனக்கும் விசுவாசம் வந்துவிட்டது, இன்றோடு ஊசியையும் மாத்திரையையும் விட்டுவிடுகிறேன் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். போதகர் அவரைத் தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. தலையில் கைவைத்து ஜெபித்தார்.

உடனே நினைவுக்கு வந்தது என் பைதான். மூன்று மணிக்கு பெங்களூர் பஸ் இருக்கும் என்றுகூட யோசித்தேன். ஆனால் அந்தக் கால்கட்டு கண்ணை விட்டுப் போகவில்லை. என் தாய்மாமன் ஒருவர் சர்க்கரைப் புண்ணில் முதலில் விரலும் பிறகு காலும் போய், பிறகு ஆளே போனதைப் பார்த்தவன் நான்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். பாதி சொல்வதற்குள் வண்டி போய்விட்டது. மீதியை அமைதியில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணன் பைபிளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். எத்தனை நாள் கொடுத்தாய் என்று கேட்டார். ஐந்து என்றேன்.

"கேட்டிருந்தா வேணான்னு சொல்லியிருப்பேன். அதான் நீ கேக்கல, இல்ல?"

ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. கேட் திறந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் போக, அவர் மட்டும் திரும்பி வந்த வழியே நடந்தார். அவர் பலம் அப்போது பத்து அடிக்கு ஒருமுறை நிற்கிற பலம். நான் பின்னாலேயே போனேன்.

அந்த அக்கா வீட்டு வாசலில் குப்பைக்குப் போகிற பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை அட்டைகள் வெளியே தெரிந்தன. அக்கா எங்களை உள்ளே வரச் சொன்னார். அண்ணன் வாசலிலேயே நின்று சொன்னார்:

"அம்மா, நான் சொன்ன சாட்சி பொய். எனக்கே தெரியாம சொன்ன பொய். இவன் கஞ்சியில மாத்திரை கலந்து குடுத்துகீறான். என் சாட்சியைக் கேட்டு நீ மருந்தை வுடாத."

அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பிறகு அண்ணனிடம், அப்படியென்றால் கர்த்தர் சுகம் கொடுக்கவில்லையா என்று கேட்டார்.

அண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "அது எனக்கும் அவருக்கும் நடுவுல கீற விஷயம். அதை நான் அவருகிட்ட கேட்டுக்கறேன். நீ இன்னிக்கு ஊசி போட்டுக்கோ."

அக்கா பையைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறு சபையிலும் எழுந்து அதையே சொன்னார். மாத்திரை கொடுத்தது யார் என்று சொல்லவில்லை. அதன் பிறகு சில வாரங்கள் அவரைப் பாடக் கூப்பிடவில்லை என்று அந்த அக்காதான் என்னிடம் சொன்னார். மருந்து எடுப்பதில்லை என்ற தன் முடிவையும் அண்ணன் மாற்றிக்கொள்ளவில்லை.

என்னை அறையை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை. ஆனால் அன்று முதல், தட்டை வைத்தால் கேட்பார்.

"இதுல இன்னா போட்டுகீற?"

"பருப்பு, தக்காளி, உப்பு, அவ்ளோதான்ண்ணே."

தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார். கோபமாகக் கேட்க மாட்டார், சாதாரணமாகத்தான் கேட்பார். ஒவ்வொரு வேளையும் எனக்கு அந்தச் சோறு இறங்காது. பலமுறை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏனோ அந்த ஒருமுறை மட்டும் நான் ஓடவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தேன். அவர் கம்பெனியில் புதிதாக வந்த மெஷினைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். அது ஒரு நிமிஷத்தில் ஒட்டுவதைத் தான் ஒட்ட எவ்வளவு நேரமாகும் என்று கையால் காட்டினார். பாதித் தட்டு காலியான பிறகுதான், அவர் எதுவும் கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய்க் குடத்துப் பக்கம் நின்றுகொண்டேன்.

இப்போது வேலூரில் லாங் பஜாரில் மூட்டை இறக்குகிறேன். அறையில் வேறு வேறு சாமி கும்பிடுகிற மூன்று பேர். அண்ணனுக்கு மறுபடி அப்படிக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் யாருக்குச் சோறு போட்டாலும், அவர் கேட்பதற்கு முன்பே அதில் என்னென்ன போட்டிருக்கிறேன் என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.