வீட்டில் யாரும் இல்லை

என் தங்கையின் புருஷனைப் போல நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தலை வலிக்கும். உரக்கப் பேசமாட்டார், கோபப்படமாட்டார், யாரைப் பற்றியும் தப்பாக நினைக்கமாட்டார். இப்படிப்பட்ட ஆளோடு என்னதான் பேசுவது?

மிஷனரி ஊழியத்துக்குப் போவதற்கு முன் அவர் கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தார். தெருத் தெருவாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். திறந்தால் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். திறக்காவிட்டால் கொஞ்சம் காத்திருந்து, மறுபடி தட்டி, 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். உள்ளே டி.வி. ஓடும் சத்தம் கேட்டால்கூட, 'பாவம், நிறுத்த மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்' என்று அவர்களுக்காக வருத்தப்படுகிற ரகம் அவர். அந்த வேலைக்கு அவரை விடப் பொருத்தமான ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒருநாள் எங்கள் சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் தன்னை ஊழியத்துக்கு அழைக்கிறார் என்றார். மாசம் பிறந்தால் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் மனிதரை ஆண்டவர் ஏன் கூப்பிட வேண்டும் என்று நான் வீட்டில் கேட்டேன். தங்கை என்னை முறைத்தாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் அவரையே கட்டிக்கொண்டாள். கொஞ்ச நாளில் இரண்டு பேரும் மூட்டை முடிச்சோடு கடல் தாண்டிப் போய்விட்டார்கள்.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய கட்டிடத்தின் மேல்மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. ஒருவர் சமைத்தால் மற்றவர் வெளியே நிற்க வேண்டிய அளவில் சமையலறை. ஹால் ஜன்னலைத் திறந்தால் கீழே டயர் கடை. காலையில் அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். சாயங்காலம் பை நிறையச் சுவிசேஷக் கைப்பிரதிகளை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டிடத்தின் வீடு வீடாகப் போவார். மேலிருந்து கீழ் வரைக்கும் எந்தக் கதவையும் விடமாட்டார்.

கதவு தட்டுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, மெதுவாக இன்னும் இரண்டு தட்டு, அப்புறம் ஒரு சின்ன இருமல். திடீரென்று பேசினால் உள்ளே இருப்பவர்கள் பயந்துவிடுவார்களாம்.

எந்தக் கதவும் திறக்கவில்லை. ஒரு வருஷம் திறக்கவில்லை, இரண்டு வருஷம் திறக்கவில்லை. மனிதர் அசரவில்லை. சபைக்குப் போன் பண்ணும்போதெல்லாம், "இங்க உள்ளவங்க ரொம்பக் கடுமையான உழைப்பாளிங்க. லீவு நாள்லகூட வீடு தங்கறதில்லை. அவங்களுக்கு ஓய்வு கிடைக்கணும்னு ஜெபம் பண்ணுங்க" என்பார். எங்கள் சபையும் அந்த ஜனங்களின் ஓய்வுக்காக ஊக்கமாக ஜெபித்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்லியிருக்கிறேன்.

உண்மை என் தங்கைக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தின் பின்னறையில் அவள் தையல் வகுப்பு நடத்தினாள். கட்டிடத்துப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். அதில் ஒருத்தி மூன்றாம் மாடி அக்கா. பேக்கரியில் மாவு பிசைகிறவள், நாலு பிள்ளை பெற்றவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள். (அந்த ஊர் பாஷையில் நடந்த பேச்சைத் தங்கை சொன்னபடி நம் பேச்சில் எழுதுகிறேன்.)

"உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்தான், இல்லைங்கல. ஆனா அவர் தட்டினா நாங்க திறக்க மாட்டோம். திறந்தா பேசுவாரு. இவ்வளவு நல்ல மனுஷன்கிட்ட போதும்னு எப்படிச் சொல்றது?"

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டதுமே ஒவ்வொரு வீட்டிலும் டி.வி. அணையுமாம். முதல் மாடி பிளம்பர் சுத்தியலைக் கையில் பிடித்தபடி அப்படியே சிலையாக நிற்பாராம். இரண்டாம் மாடியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் கட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாராம். அவரை அங்கே யார் தேடப் போகிறார்கள் என்று அவர் மனைவிக்கே தெரியவில்லையாம். இருமலை முதலில் கேட்பது யார் என்று பிள்ளைகளுக்குள் பந்தயம் வேறு.

தங்கை அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கமாட்டாள். என்னிடம் மட்டும் போனில் சொன்னாள்.

"அவர்கிட்ட சொல்லித் தொலையேன்" என்றேன்.

"சொன்னா மனசு ஒடிஞ்சிடும் அண்ணா."

"ஒடிஞ்சா ஒட்டிக்கும். ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். அவருக்குத் தெரியாதுல்ல."

இதற்கு மேல் புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நான் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும்? விட்டுவிட்டேன்.

நாலாவது வருஷம் தங்கை உண்டாகியிருந்தாள். தலைச்சன் பிள்ளை. பிரசவத்துக்குக் கூட இருக்க எங்கள் அம்மா போவதாக ஏற்பாடு. பாஸ்போர்ட் எடுத்து, டிக்கெட் போட்டு, குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கி, அதை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று கழற்றியும் வைத்தாகிவிட்டது. ஆனால் குழந்தை டிக்கெட் தேதியைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. இது அம்மா கிளம்புவதற்கு முன்பே வந்தது.

அன்று விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு வலி பிடித்துக்கொண்டது. சாதாரண வலி இல்லை, நிற்கவிடாத வலி. மாப்பிள்ளை ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார். எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, வர நேரமாகும், போனை வைக்காதீர்கள், பக்கத்தில் பெண்கள் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள் என்று மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்.

"மூணாம் மாடி அக்காவைக் கூட்டிட்டு வாங்க, ஓடுங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை போனை வாங்கிக்கொண்டாள்.

ஓடினார். வேறு யாராக இருந்தாலும் இரண்டு கையாலும் கதவைக் குத்திக் கூப்பாடு போட்டிருப்பார்கள். இவர் பயத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். கை மட்டும் தன் பழக்கத்தை மறக்கவில்லை. இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, மெதுவாக இரண்டு தட்டு, இருமல்.

மேலே படுத்திருந்த தங்கைக்கு எல்லாம் கேட்டது. மூன்றாம் மாடியில் டி.வி. அணைந்தது கேட்டது. அவர் கீழே இறங்க இறங்க, இரண்டாம் மாடியில் பாட்டு நின்றது. முதல் மாடியில் சுத்தியல் நின்றது. கட்டிடம் முழுக்க ஒரு சத்தம் இல்லை.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "யாரும் வீட்ல இல்லம்மா. லீவு நாளும் அதுவுமா எங்க போனாங்களோ, பாவம்."

நாலு வருஷமாகக் கட்டிக் காப்பாற்றிய ரகசியம் அங்கேதான் உடைந்தது.

"எல்லாரும் வீட்லதான் இருக்காங்க."

"இல்லம்மா, நான் தட்டிப் பாத்தேன்..."

"நீங்க தட்டினதாலதான் திறக்கலை! நாலு வருஷமா உங்க சத்தம் கேட்டா ஒளிஞ்சுக்கறாங்க. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. போய்க் கத்துங்க!"

"எல்லாம் சரியா இருக்கா?" என்று போனில் அந்தப் பெண் கேட்டாள். சரியாக இருக்கிறது என்று தங்கை அவள் பாஷையில் சொன்னாள்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். "அந்த முகத்தை நான் பாத்திருக்கக் கூடாது அண்ணா" என்றாள் தங்கை என்னிடம். "பிரசவ வலிகூட மறந்துடும். அது மறக்காது."

தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றுகூட அவர் கேட்கவில்லை. படிக்கட்டுக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினார்.

"நான் கடவுளைப் பத்திப் பேச வரல! சத்தியமா ஒரு வார்த்தை பேசமாட்டேன்! என் பொண்டாட்டிக்குக் குழந்தை பொறக்கப் போகுது! யாராவது வாங்க!"

சத்தியம் பண்ணக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர் அவர்.

கதவுகள் திறந்தன. ஒன்று பாக்கியில்லாமல் திறந்தன. மூன்றாம் மாடி அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஏறி வந்து அவரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். வெந்நீர் வந்தது, துண்டு வந்தது. பிளம்பர் கையில் சுத்தியலோடு வாசல் கேட்டைத் திறந்து வைக்க ஓடினார். கட்டிலுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்த வாத்தியார், ஆம்புலன்ஸுக்கு வழி விடச் சொல்லித் தெருமுனையில் நின்று கார்களை அதட்டினார். ஓட்டி வந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள், அதனால் பயந்தார்கள்.

போனில் அந்தப் பெண் சொல்லச் சொல்ல அக்கா செய்தாள். வண்டி வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. பெண் குழந்தை. ஆனால் அழவில்லை.

"ஏன் அழலை? அக்கா, ஏன் அழலை?" என்று தங்கை கேட்டாள். அக்கா துண்டால் குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஹாலில் நின்றவர்கள் யாரும் அசையவில்லை. மாப்பிள்ளை அறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றார். ஜெபம் பண்ணினாரா என்று பிறகு நான் கேட்டேன். ஒரு வார்த்தையும் வரவில்லை என்றார்.

அப்புறம் அழுதது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற பிளம்பருக்கே கேட்டதாம்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து தொப்புள்கொடியை வெட்டி, குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லி, துணியில் சுற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டு, தாயைக் கவனிக்கப் போனார்கள். ஹால் நிறைந்திருந்தது. கதவுக்கு வெளியே படிகளிலும் ஆட்கள். அதில் பல முகங்களை அவர் அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்க்கிறார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"தம்பி, நாலு வருஷமா எங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு வந்தீங்க. இப்ப சொல்லுங்க. எல்லாரும் இருக்கோம்."

"பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேனே" என்றார்.

"அது அப்ப. இப்ப நாங்களா கேக்கறோம், சொல்லுங்க."

அவர் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஊர் பாஷையில் அவருக்கு மனப்பாடம். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்ப்பதைத் தங்கை எத்தனையோ நாள் கேட்டிருக்கிறாள். உள்ளே படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிளம்பர் அடித்துக்கொண்டிருந்த தன் போனை அணைத்தார்.

"நான்..." என்றார் மாப்பிள்ளை. எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். மறுபடியும் "நான்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. தோள் குலுங்க ஆரம்பித்தது. கையில் குழந்தையும் சேர்ந்து குலுங்கியது.

இதைத் தங்கை சொல்லும்போது சிரிக்கலாம் என்றுதான் நான் காத்திருந்தேன். முடியவில்லை.

அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். "குழந்தையை இப்படிக் கொடுங்க தம்பி. உக்காந்து நல்லா அழுங்க. நாங்க எங்கயும் போகலை."

அவர் குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். யாரும் போகவில்லை.