லிங்குக்குள் கிடந்த மீன் செதில்

கட்டாருக்குப் போகும்போது என் மோட்டார் சைக்கிளின் சாவியை மச்சானிடம்தான் கொடுத்தேன். தங்கையைக் கட்டியவன், அதற்கு முன்பே என் கூட்டாளி. "கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வை, வேற ஒண்டும் வேணாம்" என்றேன். வெள்ளிக்கிழமைகளில் பேசும்போதெல்லாம், "மூடித்தான் வச்சிருக்கன், வாசல் தாண்டல்ல" என்பான். பிறகு படகுக் கதை தொடங்கும். நான் வந்ததும் இருவரும் சேர்ந்து படகு எடுத்துத் தொழிலுக்கு இறங்குவது. என்ன எஞ்சின், என்ன நிறம் என்றுகூடப் பேசி முடித்திருந்தோம். அந்தப் பேச்சை நம்பித்தான் வேலையை விட்டுவிட்டுக் கிண்ணியாவுக்கு வந்தேன். விட்டுவிட்டதை யாருக்கும் சொல்லவில்லை. படகு பார்க்கப் போகிற அன்றைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

வந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்ப் பாலத்தில் ஏறினேன். பின்பக்கம் ஆடியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். முற்றத்தில் கட்டையை முட்டுக்கொடுத்து, பின் சில்லை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தேன். அதிர்வு தாங்கும் ஷாக்கில் பழுதில்லை. ஷாக்கையும் சில்லுப் பக்கத்தையும் கீழே இணைக்கிற லிங்கில்தான் ஆட்டம். அதன் பெயாரிங்குகள் போய்விட்டன. நிறுத்தி வைத்த சைக்கிளில் பெயாரிங் எப்படிப் போகும்?

"கடக்காத்துடா மச்சான். கடல் உப்பு இரும்ப விட்டு வைக்குமா?" என்றான் மச்சான். சரிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

புதுப் பெயாரிங் வாங்கிவந்து, சுருங்கட்டும் என்று தங்கையின் பிரிட்ஜில் வைத்தேன். குளிரில் வைத்தால் இறுக்கமில்லாமல் உள்ளே போகும். "மீன் வைக்கவே இடமில்ல, இதுல இரும்பு வேறயா!" என்று அவள் சத்தம் போட்டாள். மச்சான் ஒத்தாசைக்கு வந்து குந்தினான். ஆணிகளைக் கழற்றி லிங்கை வெளியே எடுத்தேன். மேலே புத்தம்புதுக் கிரீஸ். அதை வழித்தால், உள்ளே ஊசிபோன்ற உருளைகள் துருப்பிடித்துப் பொடியாகக் கொட்டின. அடியில் பழைய கிரீஸ் உப்போடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. அதில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மோட்டார் சைக்கிளில் மீன் விற்பவர்களை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? பின்னால் பெட்டியைக் கட்டினால் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் வழி நெடுகச் சொட்டும். சொட்டுகிற இடம் நேரே லிங்க். இவன் என் சைக்கிளில் மீன் ஏற்றி ஓடியிருக்கிறான். சத்தம் வந்ததும் லிங்கைத் திறந்து, துருவுக்கு மேலே கிரீஸைப் பூசி மூடியிருக்கிறான். கேட்டிருந்தால் ஓம் என்று ஒரு வார்த்தையில் கொடுத்திருப்பேனே!

"மீன் ஏத்தினியா?"

"வல்லாஹி, நான் தொடவே இல்ல" என்று சத்தியம் பண்ணினான்.

செதிலை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"தோப்பூர்ப் பக்கம் மீன் விக்கக் கொண்டு போனனான்" என்றான். "நீ இனி வரமாட்டாய் எண்டு நெனச்சிட்டம்டா. போனவனெல்லாம் அங்கயேதானே நிக்கிறான்."

"அப்ப நம்மட போட்?"

"அது சும்மா கதைச்சதுதானே மச்சான். நீ அங்க தனியக் கிடக்கிறாய், உனக்கொரு ஆறுதலா இருக்கட்டும் எண்டு உன்ட தங்கச்சிதான் சொன்னா, கதைங்க எண்டு."

அடப்பாவிகளா! அழுகிற பிள்ளைக்கு நிலாவைக் காட்டுவதுபோல எனக்குப் படகைக் காட்டியிருக்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து. துருவை மூடியதையாவது ஒருநாள் மன்னித்திருப்பேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான் மறுபடி கிரீஸை வழிக்கத் தொடங்கியதைக் கண்டு, கோபம் ஆறிவிட்டது என்று நினைத்திருப்பான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அன்பாகத்தான் கேட்டான்:

"சரி, அத விடு. லீவு எப்ப முடியுது?"