நான் சொன்ன விலை

என் புத்தகத்தை இணையத்தில் விற்பனைக்கு ஏற்றியபோது எல்லாக் கட்டங்களையும் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். தலைப்பு, பக்க எண்ணிக்கை, எழுதியவரைப் பற்றி நாலு வரி, எல்லாம் சரியாகப் போனது. கடைசியில் 'விலை' என்று ஒரு கட்டம் வந்தது. அங்கே நின்றவன் மூன்று நாள் நகரவில்லை.

சிரிக்க வேண்டாம். நான் உத்தரகோசமங்கைப் பக்கம் மிளகாய் போடுகிறவன். முப்பது வருடமாக முண்டு மிளகாய் வத்தலை மூடை மூடையாக ராமநாதபுரத்துக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோகிறேன். ஒரு தடவைகூட அதற்கு நான் விலை சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. மூடையின் வாயைப் பிரித்து வைத்துவிட்டு ஓரமாக நிற்பதுதான் என் வேலை. வாங்க வந்தவரும் கடைக்காரரும் கையைக் கோத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். துண்டு அசையும். முடிந்ததும் கடைக்காரர் என்னிடம் ஒரு தொகையைச் சொல்வார். நான் முகத்தைச் சுளித்துவிட்டுச் சரி என்பேன். இப்போது பாதிப் பேர் கைப்பேசியில் எண்ணைத் தட்டி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். அந்தத் திரையும் என் பக்கம் திரும்பியதில்லை.

அப்படிப்பட்டவனிடம் ஒரு கட்டம் கேட்கிறது, உன் சரக்குக்கு என்ன விலை என்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

புத்தகம் மிளகாய்க்காட்டைப் பற்றியதுதான். முதலில் கமிஷன் கடை, பிறகு நாற்றுப் பாவுவதில் தொடங்கி மூடை ஏற்றுவது வரை, நாங்கள் பட்டது பாதி, சிரித்தது பாதி. கைப்பேசியில் பேசிப் பேசியே எழுதியதைக் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒழுங்குபடுத்தித் தந்தாள். அச்சுப் புத்தகமாகவும் மின்நூலாகவும் போடலாம், யாராவது வாங்கினால்தான் ஒரு பிரதியை அச்சடித்து அனுப்புவார்கள், கையிலிருந்து ஒன்றும் போட வேண்டாம் என்று விளக்கியதும் அவள்தான். அச்சுக்கூலியும் அவர்கள் பங்கும் போக, இருநூற்று ஐம்பதுக்குக் கீழே வைத்தால் எனக்கு எதுவும் நிற்காது என்று அந்தத் தளமே காட்டியது.

நாலாம் நாள் முன்னூற்றுத் தொண்ணூறு என்று போட்டேன். மின்நூலுக்கு இருநூறு. எனக்கு வேண்டியது இருநூற்றுத் தொண்ணூறுதான். மேலே உள்ள நூறு பேரத்துக்கு. எவனாவது கேட்டால் ஐம்பது, ரொம்ப வற்புறுத்தினால் இன்னொரு ஐம்பது குறைக்கலாம் என்று கணக்கு. விலை சொல்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்? வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் இணைப்பைப் போட்டுவிட்டு, கைப்பேசியை முழுக்க சார்ஜ் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போனது. பேரம் பேச ஒருத்தரும் வரவில்லை. சொந்தக்காரர்கள் மட்டும் கூப்பிட்டார்கள். எல்லோரும் ஓசியில் கேட்டார்கள்.

மகளிடம் கேட்டேன், "ஏத்தா, வெலை கேக்குறவுக எங்கன வந்து கேப்பாக? அந்த எடம் என் போன்ல தெரிய மாட்டேங்குதே?"

அவள் சிரித்த சிரிப்பில் கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன். "அய்யா, அங்கன யாரும் பேரம் பேச மாட்டாக. பிடிச்சா வாங்குவாக, இல்லைன்னா போயிருவாக. மின்நூலுக்கு எரநூறா? அறுபது போடுங்க. அச்சுல எவ்வளவு கீழ போக முடியுமோ அங்க வைங்க. புது ஆளுக்கு அதுதான் வழி."

மின்நூல் விஷயத்தில் நான் சண்டை போடவில்லை. சாக்கு இல்லை, வண்டி வாடகை இல்லை, எறும்பு அரிக்காது. அறுபது நியாயம்தான். அச்சுப் புத்தகத்தை அடிமட்டத்துக்கு இறக்கச் சொன்னதுதான் சுருக்கென்றது. வாழ்நாளில் முதல் தடவையாக விலை சொல்லி, அதையும் கேட்க ஆள் வருவதற்கு முன்பே நானே குறைத்துக்கொள்வதா? ஆயிரம் பேர் வாங்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. நான் சொன்ன விலைக்கு, ஒரு ரூபாய் குறையாமல், ஒரே ஒருவர் வாங்கினால் போதும் என்றிருந்தது.

களத்தில் வத்தல் பிரித்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் போய்ப் புலம்பினேன். வெளுத்தது தனி, நல்லது தனி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிப்பது அவள்தான். எங்கள் மூடையில் ஒரு சொத்தை வத்தல் இருக்காது என்பதற்கு அவள் கைதான் காரணம். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"பேரத்துக்குன்னு ஏத்தி வச்ச நூறு பொய்தானே? அத எடுத்துருங்க. மிச்சத்துல கை வைக்காதீக. கொறைக்கச் சொல்லி இப்ப யாரு வாசல்ல நிக்கிறாக?"

இருநூற்றுத் தொண்ணூறு என்று மாற்றினேன். இந்தத் தடவை அந்த எண்ணைப் பார்க்க எனக்கே பிடித்திருந்தது.

இன்னொரு சங்கடமும் வந்தது. முதல் பத்துப் பக்கங்களை யார் வேண்டுமானாலும் சும்மா படிக்கலாமாம். எனக்கு வயிற்றெரிச்சல். கமிஷன் கடையில் மாதிரி என்று சொல்லி மூடைக்கு ஒரு கைப்பிடி அள்ளுவார்கள். அள்ளியது அவர்கள் பையோடு போகும், திரும்பி வராது. இங்கேயும் அதே கதையா என்று மகளிடம் கத்தினேன். "அள்ளுனாலும் கொறையாத சரக்கு அய்யா இது" என்றாள்.

மாசி பிறந்து இரண்டாம் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். மின்நூல் நாலு போயிருந்தது. அச்சுப் புத்தகம் ஒன்று.

"என்ன வெலைக்கு?"

"அது என்ன கேள்வி? எரநூத்தித் தொண்ணூறுக்குத்தான்."

வாங்கியவர் யார் என்று அந்தத் தளம் காட்டாதாம். காட்டாததே நல்லது என்று தோன்றியது. முகம் தெரியாத ஒருவர், நான் சொன்னதை அப்படியே கொடுத்திருக்கிறார். வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன். பறிப்புக்கு வந்த பெண்கள் வெயில் தலைக்கேறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஆறு மூடை வத்தலோடு ராமநாதபுரம் போனோம். ஒரு சொந்தக்காரரை ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும் என்று மனைவியும் கூட வந்திருந்தாள். கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது என் புத்தகம். கடைக்காரர் அண்ணாச்சியின் மேஜையில், தராசுச் சீட்டுகளுக்கு நடுவே, பக்கத்தை மடித்துக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"வாங்க சம்சாரி" என்றார். விவசாயிகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "ஒங்க ஸ்டேட்டஸப் பாத்து மாதிரிப் பக்கம் பத்தும் படிச்சேன். நம்ம கடைக்குள்ள நீங்க நுழையிற எடத்துல நிறுத்திப்புட்டாக. அதுக்குமேல என்னையப் பத்தி என்ன எழுதித் தொலைச்சிருக்கீகன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வருமா? வாங்கிட்டேன்."

முகம் தெரியாத வாசகர் அந்த நிமிடமே காணாமல் போனார். ஒரு நொடி வருத்தமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு யோசித்தேன். முப்பது வருடமாக எனக்கு விலை சொன்ன மனுசன், எனக்குத் தெரியாமல், நான் சொன்ன விலையைக் கொடுத்திருக்கிறார். இதைவிட யார் வாங்கியிருந்தால் எனக்கு இனித்திருக்கும்?

"துண்டுக்குள்ள நாங்க என்ன பேசுறோம்னு ஒரு சம்சாரிக்கும் தெரியாதுன்னு எழுதிருக்கீக. உண்மைதான், ஒத்துக்கிறேன்" என்றார். "மருமகனுக்கு இன்னொரு புத்தகம் வேணும். வெலையப் பாத்துப் போடுங்க." சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். நானும் கொடுத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போட்டார். துண்டுக்குக் கீழே என் கை போனது அதுதான் முதல் தடவை. அவர் இரண்டு விரலை அழுத்திப் பிடித்தார். இருநூறு. நான் துண்டை எடுத்து அவர் தோளிலேயே போட்டேன்.

"எரநூத்தித் தொண்ணூறு, அண்ணாச்சி. வெளியிலயே சொல்றேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அப்படியா? சரி, வத்தலுக்கும் நீங்களே ஒரு வெலை சொல்லுங்க பாப்போம்" என்றார், வாங்க வந்திருந்த வியாபாரியைக் கண்ணால் காட்டி.

மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒரு எண்ணும் வரவில்லை. என் பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள். அன்று அதுவரை விழுந்த விலையைவிடக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதல்.

"அதுக்குக் கீழ கேட்டா மூடையக் கட்டிருவேன். ஒண்ணொண்ணா நான் பிரிச்சது. சொத்தை ஒண்ணு இருந்தா எடுத்துக் காட்டுங்க."

வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளினார். காதருகே வைத்துக் குலுக்கினார், விரலால் கிளறினார். ரொம்ப நேரம் தேடினார். கடைசியில் இரண்டு ரூபாய் மட்டும் குறைத்துச் சரி என்றார்; அந்த இரண்டு ரூபாயை என் மனைவி விட்டுக்கொடுத்தாள். அள்ளிய கை அவருடைய பையை நோக்கிப் போனது. என் மனைவி மூடையின் வாயை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தாள்.

அவர் அந்தக் கைப்பிடி வத்தலை மூடையிலேயே திருப்பிப் போட்டார்.