கேட்காமல் எடுக்காத கடல் பூஞ்சை

1. கரண்ட் போன வாரம்

இரண்டாயிரத்தில் எங்கள் தீவு நாட்டில் ஆட்சி கவிழ்ந்த வாரம், தலைநகர் சுவாவில் எங்கள் லேபுக்கு ஒரு நாள் முழுக்க கரண்ட் வரவில்லை. ஃப்ரீசரில் வைத்திருந்த பூஞ்சைக் கல்ச்சர்கள் பாதி செத்துவிட்டன.

நான் அங்கே டெக்னீஷியன். கடற்பஞ்சுக்குள் வாழும் பூஞ்சைகளைப் பிரித்து, அகார் கூழ்த் தட்டில் வளர்த்து, சாறு எடுப்பது என் வேலை. அதில் ஒரு பூஞ்சையின் சாறு, வெளிநாட்டு லேப் சோதனையில் புற்றுநோய் செல்களைக் கொன்றிருந்தது. அதை மட்டும் சுத்தப்படுத்திய கடல்நீர்க் குப்பிகளிலும் ஃப்ரீசருக்கு வெளியே வைத்திருந்ததால் தப்பித்தது.

என் பாஸ் டாக்டர் கோவிந்தசாமி தவுவா ஊர்க்காரர், என்னைப் போலவே இந்திய வம்சாவளி. எங்கள் ஆட்கள் பலர் அப்போது நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவருக்கும் ஆஸ்திரேலியா விசா கையில் வந்துவிட்டது.

"சாந்தா, அந்தக் குப்பிங்க எல்லாத்தையும் பேக் பண்ணிடு. நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"கடற்பஞ்சு கெடைச்ச கிராமத்துல கேக்க வேணாமா சார்? அவங்க கடல்ல எடுத்தது."

"நாடு இருக்கிற நெலமையில யாரைப் போய்க் கேக்கிறது? இங்க விட்டா செத்துடும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் வீட்டிலும் கணவர் நியூசிலாந்து குடியேற்றப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.

2. கேட்கப் போனது

சனிக்கிழமை காலை ஊரடங்கு தளர்ந்ததும், டாக்டரிடம் சொல்லாமல் அந்தக் கிராமத்துக்கு பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடி. சிப்பாய் என் பையைத் திறந்தான். உள்ளே யங்கோனா வேர்க் கட்டு; சாவு வீட்டுக்குப் போனாலும், கிராமத்தில் எதையாவது கேட்கப் போனாலும் மரியாதைக்குக் கொடுப்பது.

"சாவு வீட்டுக்கா?"

"இல்ல, ஒண்ணு கேக்கப் போறேன்."

விட்டுவிட்டான்.

பூஞ்சையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். கிராமத் தலைவர் வேர்க் கட்டை வாங்கிக்கொண்டு, "உங்க டாக்டர் ஏன் வரல?" என்றார்.

"நாட்டை விட்டுப் போறார். உங்ககிட்ட சொல்லத் தயக்கம்."

வேர்க் கட்டைப் பாயில் தன் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "எங்க பையங்க சிலபேரு டவுன்ல இந்தியர் கடைங்கள உடைச்சாங்க. எங்களுக்கும் உங்க முகத்தப் பாக்கத் தயக்கம்தான். பாதி கொண்டு போகட்டும். பாதி இங்கயே இருக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னபோது டாக்டர் கோபத்தில் கத்தினார். "என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருக்க மாட்டீங்க சார்."

 அவர் உட்கார்ந்து, தலைவர் கையெழுத்துப் போடுவதற்கான அனுமதிக் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதினார்.

3. சிட்னியிலிருந்து போன்

இரண்டு வருஷம் கழித்து, நான் இன்னும் சுவா லேபிலேயே இருந்தபோது, டாக்டர் கூப்பிட்டார். தட்டு மாற்றி மாற்றி வளர்த்ததில், அவரிடமிருந்த பூஞ்சை, புற்றுநோய் செல்களைக் கொல்லும் அந்தச் சேர்மத்தைச் சுரப்பதையே நிறுத்திவிட்டதாம்.

"உன்கிட்ட இருக்கிறது உயிரோட இருக்கா?"

இருந்தது. தலைவரிடம் மறுபடி கேட்டு அனுப்பினேன். அது நன்றாகச் சுரந்தது. ஆனால் அடுத்த கட்டச் சோதனையில் நல்ல செல்களையும் சேர்த்துக் கொன்றது. மருந்தாகவில்லை. வேலையை அத்தோடு மூடிவிட்டார்கள்.

அதையும் கிராமத்துக்குப் போய்ச் சொன்னேன். 

தலைவர் சொன்னார்: "எங்க கடல்லேர்ந்து எத்தனையோ பேர் எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. ஒண்ணும் ஆகலன்னு திரும்பி வந்து சொன்னது நீ ஒருத்திதான்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரிசல்ட் நல்லதாக வந்தால் சொல்ல ஆயிரம் பேர் ஓடுவார்கள். வராதபோது நீங்கள் போங்கள்.